ஓட்டக் காலணிக்குள் ஒரு தகடு



1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு மாரத்தான் ஓடித் தங்கம் வென்ற கதை உங்களில் பலருக்குத் தெரியும். நேரம் 2 மணி 15 நிமிடம் 16 விநாடி. நான்கு ஆண்டு கழித்து டோக்கியோவில் அதே மனிதர் காலணி போட்டுக்கொண்டு 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் ஓடி மறுபடியும் தங்கம் வென்றார். அதுவும் குடல்வால் அறுவை முடிந்து சில வாரங்களில்! இதை மட்டும் யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஆகவே வெறுங்காலா, காலணியா என்ற வழக்கில் பிகிலாவைச் சாட்சிக்கு இழுத்துப் பயனில்லை. பாதத்தைத்தான் கேட்க வேண்டும்.

கேட்டவர்கள் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஸ்டெஃபனிஷினும் நிக்கும். ஓடும்போது குதிகால் எழும்பி எடை முன்பாதத்துக்கு வருகிறது. விரல்கள் அடிமூட்டில் மடங்குகின்றன. அந்த மடிப்பில் போகும் ஆற்றல் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை என்று 1990-களில் அளந்து சொன்னார்கள். கால் தரையை விட்டுக் கிளம்பும்வரை விரல்கள் நிமிர்வதே இல்லையே, எப்படித் திரும்பும்? அடிப்பாகத்தில் விறைப்பான கார்பன் தகடு வைத்தால் மடிப்பு குறையும், இழப்பும் குறையும் என்பது யோசனை. 2006-இல் வந்த ஆய்வில் ஓடுபவரின் ஆற்றல் செலவு சுமார் 1 சதவீதம் குறைந்தது. இன்னும் விறைப்பாக்கியபோது அந்த லாபம் நிற்கவில்லை.

ஏன்? நெம்புகோல் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கணுக்கால்தான் ஆதாரப்புள்ளி. பின்னால் கெண்டைக்கால் தசை குதிநாணைப் பிடித்து இழுக்கிறது. முன்னால் தரை பாதத்தை மேலே தள்ளுகிறது. அடிப்பாகம் விறைத்தால் தரை தள்ளும் இடம் விரல்நுனிப் பக்கம் நகர்கிறது. பாரக்கரம் நீள்கிறது, திறன்கரமோ அப்படியே இருக்கிறது. தசை அதிக விசையோடு இழுக்க வேண்டும். அதற்கு ஈடாக மெதுவாகச் சுருங்கினால் போதும், அது தசைக்குச் சிக்கனம். கெண்டைக்கால் வலுவானவருக்கு இது லாபம், மற்றவருக்குச் சுமை. பாதக்குறடு போட்டு வேகமாக நடந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2017-இல் நைக்கியின் வேப்பர்ஃபிளை வந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் 18 ஓட்டக்காரர்களை வைத்துச் சோதித்ததில் சராசரியாக 4 சதவீதம் ஆற்றல் மிச்சம். (அந்த ஆய்வுக்கு உதவியது நைக்கிதான் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.) 2019-இல் வியன்னாவில் கிப்சோகே தகடு வைத்த காலணியோடு 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடினார். அது அதிகாரப்பூர்வ சாதனை அல்ல. ஆனால் உலகமே தகட்டை ஸ்பிரிங் என்று கொண்டாடியது. 2020-இல் உலக தடகள அமைப்பு, அடிப்பாகம் 40 மி.மீ.க்கு மேல் கூடாது, ஒரு தகடுக்கு மேல் கூடாது என்று விதி போட்டது.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. கொலராடோ ஆய்வை நடத்திய ஹூகாமரே இன்னொருவரோடு சேர்ந்து, அதே காலணியின் தகட்டை முன்பாதத்தில் குறுக்கே அறுத்துவிட்டு ஓடவிட்டுப் பார்த்தார். பெரிய வித்தியாசம் இல்லை! லாபத்தில் பெரும்பங்கு தடித்த, இலேசான ஃபோமுக்கே போலிருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்குத் தகடு வைத்த ஷூ வாங்கலாமா என்று மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள். மேலே சொன்ன சோதனைகள் வளர்ந்த, தேர்ந்த ஓட்டக்காரர்களிடம் செய்தவை. தகட்டுக் காலணியோடு ஓடிய 5 பேருக்கு நடுப்பாத எலும்பில் காயம் வந்ததை 2023-இல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். தகடுதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை, படிப்படியாகப் பழகச் சொல்கிறது. "விரல் மடங்குகிற சாதாரண ஷூ போதும்மா, முதலில் கெண்டைக்கால் உரமேறட்டும்" என்று பதில் போட்டிருக்கிறேன்.