யாழ்ப்பாணம் புகையிரத நிலையம்

யாழ்ப்பாணம் புகையிரத நிலையம் இலங்கையின் வடக்குப் பாதையில் புங்கன்குளத்துக்கும் கொக்குவிலுக்கும் இடையில் உள்ளது. கொழும்புக் கோட்டையிலிருந்து ஏறத்தாழ 400 கி.மீ. தொலைவு. பாதை இங்கிருந்து வடக்கே காங்கேசன்துறை வரை சென்று முடிகிறது.

தொடக்கம்

தெற்கிலிருந்து வந்த பாதை வன்னிக் காட்டைக் கடக்கும் முன்பே யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் ஊடாகச் சாவகச்சேரி வரையான பகுதி 1902 மார்ச் 11இல் திறக்கப்பட்டது. பின்னர் அது பளை வரை நீண்டது. 1905 ஆகஸ்ட் 1இல் தெற்குப் பகுதியோடு இணைந்த பிறகே கொழும்புக்கு நேரடிப் பயணம் கைகூடியது. அதுவரை கடல்வழியையும் மாட்டுவண்டியையும் நம்பியிருந்த புகையிலை, சுருட்டு வணிகத்துக்குத் தென்னிலங்கைச் சந்தை எட்டும் தூரத்துக்கு வந்தது. கொழும்பில் உத்தியோகம் பார்த்தோர் விடுமுறைக்கு ஊர் திரும்புவதும் எளிதாயிற்று.

யாழ்தேவி

1956 ஏப்ரலில் யாழ்தேவி கடுகதி ரயில் சேவைக்கு வந்தது. காலையில் கொழும்பில் ஏறியவர் பிற்பகலில் யாழ்ப்பாணத்தில் இறங்கினார். இரவில் தபால் ரயிலும் ஓடியது.

போர்க்காலம்

1985 ஜனவரியில் முறிகண்டி அருகே யாழ்தேவி குண்டுத் தாக்குதலுக்கு உள்ளானது. 1990 ஜூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணச் சேவை அடியோடு நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் பயன்பட்டன. நிலையக் கட்டடம் கூரை இழந்து, சுவர்களில் சன்னத் துளைகளோடு, பற்றை மண்டிக் கிடந்தது.

மீளமைப்பு

போர் முடிந்தபின் பாதை தெற்கிலிருந்து படிப்படியாக வடக்கே நகர்ந்தது: 2011இல் ஓமந்தை, 2013 செப்டம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை. 1902இல் முதலில் ரயிலைக் கண்ட குடாநாடு, இம்முறை கடைசியில்தான் அதைக் கண்டது. இந்தியக் கடனுதவியுடன் இர்கான் நிறுவனம் ஓமந்தைக்கு வடக்கேயுள்ள பாதையை அமைத்தது. புதுப்பிக்கப்பட்ட யாழ்ப்பாணம் நிலையத்துக்கு 2014 அக்டோபர் 13இல், 24 ஆண்டுகளுக்குப் பின், யாழ்தேவி வந்து சேர்ந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை சேவை நீடிக்கப்பட்டது.

பொல்காவலைக்கு வடக்கே இது ஒற்றைத் தடம். எனவே தெற்கில் எங்கு தடங்கல் ஏற்பட்டாலும் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றுவிடும். அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையே பாதையைச் சீரமைப்பதற்காக 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்ட கொழும்புச் சேவை, அவ்வாண்டு ஜூலையில்தான் மீண்டும் தொடங்கியது.