முதல் பாஸ்போர்ட்டும் குடியுரிமைச் சான்றும்: குன்னம் வட்டாரக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

குன்னம், லப்பைக்குடிக்காடு வட்டாரத்தில் பாஸ்போர்ட் இல்லாத முஸ்லிம் குடும்பத்தைக் காண்பது அரிது. சபர் போகும் ஆண்களுக்காக ஒரு காலத்தில் எடுக்கப்பட்டது, இன்று உம்ராவுக்குப் போகும் பாட்டிக்கும் படிக்கப் போகும் பேத்திக்கும் தேவைப்படுகிறது. ஆனால் முதல் முறை விண்ணப்பிப்பவர்களில் சிலர் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். "குடியுரிமைக்கு என்ன ஆதாரம்?" என்ற கேள்வி வந்ததும், ஆதார் அட்டையைக் காட்டிவிட்டுத் திகைத்து நிற்கிறார்கள்.

இந்தச் சிக்கலில் மாட்டுபவர்களில் பலர் சட்டப்படி ஐயத்துக்கு இடமில்லாத இந்தியக் குடிமக்கள். அவர்களிடம் இல்லாதது குடியுரிமை அல்ல. ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகும் தாள்கள்தாம். எதை நிரூபிக்க வேண்டும் என்பதையும், எந்தத் தாள் அதற்கு உதவும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் அலைச்சலில் பெரும்பகுதி குறையும்.

ஆதார் ஏன் போதாது?

1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம், 6(2) பிரிவின்படி, விண்ணப்பதாரர் இந்தியக் குடிமகன் இல்லை என்றால் பாஸ்போர்ட் மறுக்கப்படும். ஆதாரோ இந்தியாவில் குடியிருப்பவர் என்ற முறையில் தரப்படுவது. வெளிநாட்டவரும் 182 நாட்கள் இங்கே தங்கியிருந்தால் ஆதார் பெறலாம். ஆதார் எண் குடியுரிமைக்குச் சான்றாகாது என்று 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டம், 9ஆம் பிரிவிலேயே எழுதப்பட்டுள்ளது. ஆதார், பான் அட்டை, வாக்காளர் அட்டை ஆகியவற்றை வைத்திருப்பதாலேயே ஒருவர் குடிமகனாகிவிட மாட்டார் என்று பம்பாய் உயர்நீதிமன்றமும் 2025 ஆகஸ்டில் ஒரு ஜாமீன் வழக்கில் கூறியது.

இதைக் கேட்டு அஞ்ச வேண்டாம். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் முகவரிக்கு ஆதாரை ஏற்றுக்கொள்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு, தாள்கள் ஒத்துப்போய், போலீஸ் விசாரணையும் சரியாக முடிந்தால் வேறு கேள்வியே வருவதில்லை. பிறந்த இடம், பெற்றோர் பெயர், பிறந்த தேதி ஆகியவற்றில் முரண் தெரியும்போதும், பெற்றோரில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவராக இருக்கும்போதும்தான் கூடுதல் ஆதாரம் கேட்கிறார்கள்.

பிறந்த ஆண்டைப் பொறுத்தே சட்டம்

யார் குடிமகன் என்பதை 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தீர்மானிக்கிறது. அது இருமுறை இறுக்கப்பட்டதால், ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும் விதி வேறுபடுகிறது. எடுத்துக்காட்டாக, ஒரே வீட்டில் நால்வர் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

1955இல் பிறந்த பாட்டி: 26.1.1950 முதல் 30.6.1987 வரை இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். பெற்றோர் எந்த நாட்டவர் என்ற கேள்வி இல்லை. இங்கே பிறந்தார் என்பதைக் காட்டினால் போதும்.

1984இல் பிறந்த அத்தா: இவருக்கும் அதே விதிதான்.

1999இல் பிறந்த மகள்: 1.7.1987 முதல் 2.12.2004 வரை பிறந்தவர்களுக்கு, பிறந்த நேரத்தில் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும்.

2006இல் பிறந்த மகன்: 3.12.2004 முதல் பிறந்தவர்களுக்கு, பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவும் இருக்க வேண்டும். மலேசியாவில் பிறந்த பெண்ணை மணமுடித்து, குழந்தை இங்கே பிறந்திருந்தால், தாயின் பாஸ்போர்ட், விசா நகல்களைப் பத்திரப்படுத்துவது இதனால்தான்.

ஆகவே, பாட்டியும் அத்தாவும் தங்கள் பிறப்பைக் காட்டினால் போதும். மகளும் மகனும் தங்கள் பிறப்போடு, தேவைப்பட்டால் பெற்றோரின் குடியுரிமையையும் காட்ட வேண்டியவர்கள். பெற்றோரின் பழைய பாஸ்போர்ட், பள்ளிச் சான்று, பழைய வாக்காளர் பட்டியலில் உள்ள பெயர், பட்டா, பத்திரம் எல்லாம் பிள்ளைகளுக்கு உதவக்கூடியவை. காலாவதியான பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள்

இவர்களுக்குத் தனி விதி. 10.12.1992க்கு முன் வெளிநாட்டில் பிறந்தவருக்குத் தந்தை இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவருக்குத் தாயோ தந்தையோ குடிமகனாக இருந்தால் போதும். 3.12.2004 முதல் பிறந்தவர்களுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: பிறந்த ஓராண்டுக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். பிள்ளையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழியும் தர வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் மத்திய அரசின் அனுமதி தேவை. வளைகுடாவில் பிரசவம் நடந்தால், மருத்துவமனைச் சான்றோடு நின்றுவிடாமல் தூதரகப் பதிவையும் முடித்துவிட வேண்டும்.

பிறந்த தேதிக்கு எது செல்லும்?

முன்பு 26.1.1989 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் கட்டாயமாக இருந்தது. 2016 டிசம்பரில் அது தளர்த்தப்பட்டது. பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பான் அட்டை, பிறந்த தேதி உள்ள ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, எல்.ஐ.சி. பாலிசிப் பத்திரம் போன்றவற்றில் ஒன்று போதும் என்றானது. தாய், தந்தை இருவரில் ஒருவர் பெயரைக் கொடுத்தாலும் போதும். திருமணச் சான்றிதழும் தேவையில்லை. மனைவி பாஸ்போர்ட் எடுக்கக் கணவரின் கையெழுத்து தேவையில்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் 2025 ஜூனில் தெளிவுபடுத்தியது.

2025 பிப்ரவரி இறுதியில் விதி மீண்டும் மாறியது. 1.10.2023 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்கு, 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி தரப்பட்ட பிறப்புச் சான்றிதழ் மட்டுமே பிறந்த தேதிக்குச் சான்று. அதற்கு முன் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே என்ற கட்டாயம் இல்லை. ஆகவே 1955இல் வீட்டில் பிறந்த பாட்டிக்காக இப்போது பிறப்புச் சான்றிதழ் தேடி அலைய வேண்டிய கட்டாயம் இல்லை.

கவனிக்க வேண்டியவை இரண்டு. ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டும் இருந்து நாளும் மாதமும் இல்லை என்றால், அது பிறந்த தேதிச் சான்றாகாது. அடுத்தது, பள்ளியை இடையில் விட்டு மதரஸாவில் ஹிப்ழு அல்லது ஆலிமா படித்தவர்களின் மதரஸாச் சான்றிதழ் இந்தப் பட்டியலில் இல்லை. அவர்கள் கடைசியாகப் படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் பகுதியில் தாள்கள் முரண்படும் இடங்கள்

முதலாவது, மாவட்டப் பெயர். குன்னம் 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டில்தான் பெரம்பலூர் மாவட்டம் உருவானது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமானது. அதனால் ஒருவரின் பிறப்புச் சான்றில் திருச்சி, பள்ளிச் சான்றில் பெரம்பலூர், ஆதாரில் அரியலூர் என்று இருக்கலாம். இது தவறு அல்ல. பழைய சான்றைத் திருத்தவும் வேண்டாம். ஊர்ப் பெயர் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கேட்டால் மாவட்டப் பிரிவினையைச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பிறந்த இடம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடப்பது நம் வழக்கம். பிறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவாகும். தாய் வீடு வெள்ளாற்றுக்கு அக்கரையில் திட்டக்குடிப் பக்கம் என்றால், பதிவு கடலூர் மாவட்டத்தில் இருக்கும். 1993க்கு முந்தியது என்றால் தென்னார்க்காடு என்று எழுதியிருக்கும். திருச்சி மருத்துவமனையில் பிறந்திருந்தால் பதிவு திருச்சியில். இதை அறியாமல் சொந்த ஊரிலேயே தேடி, "பதிவு இல்லை" என்று திரும்புபவர்கள் உண்டு. விண்ணப்பத்திலும் பிறந்த இடம் என்பதில் குடியிருக்கும் ஊரை எழுதிவிடக் கூடாது.

மூன்றாவது, பெயர். முஹம்மது, முகமது, முகம்மது என்று தமிழிலேயே மூன்று விதம். ஆங்கிலத்தில் இன்னும் பல. தாயின் பெயர் ஓரிடத்தில் பாத்திமா, இன்னோரிடத்தில் பாத்திமா பீவி. அத்தாவின் பெயர் முதலெழுத்தாக ஓரிடத்தில், முழுப் பெயராக இன்னோரிடத்தில். பள்ளிச் சான்றையோ பிறப்புச் சான்றையோ அடிப்படையாக வைத்து, ஆதார், பான், வாக்காளர் அட்டை ஆகியவற்றை அதற்கேற்பத் திருத்திய பிறகு விண்ணப்பிப்பதே நல்லது. விண்ணப்பித்துவிட்டு நடுவில் திருத்தினால் சந்தேகம்தான் கூடும்.

நான்காவது, பிறப்புச் சான்றில் குழந்தையின் பெயரே இல்லாமல் இருப்பது. பதிவான 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்க்கலாம்.

பிறப்பே பதிவாகாமல் இருந்தால்

பிறந்த 21 நாட்களுக்குள் பதிவு இலவசம். 30 நாட்கள் வரை தாமதக் கட்டணம். ஓராண்டு வரை உரிய அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி. ஓராண்டு கடந்தால், 2023ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, மாவட்ட நடுவர், கோட்ட நடுவர் அல்லது மாவட்ட நடுவர் அதிகாரம் அளித்த நிர்வாக நடுவரின் உத்தரவு தேவை. கிராமத்தில் நடந்த பிறப்பு என்றால் கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து விசாரணையைத் தொடங்குங்கள். பழைய பதிவேடு எங்கே போயிருக்கிறது என்று கேட்டு, நன்றாகத் தேடச் சொல்லி, பதிவு இல்லை என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு மேலே செல்லுங்கள்.

மறுத்துவிட்டால்?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் திருச்சி மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகின்றன. போலீஸ் அறிக்கை பாதகமாக இருந்தால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். அதைப் பார்த்துப் பயந்து பேசாமல் இருந்துவிடுவதே பெரிய தவறு. ஒவ்வொரு கேள்விக்கும் எழுத்தில் பதில் கொடுத்து, நகல்களை இணைத்து, கொடுத்ததற்கு ஒப்புகையும் வாங்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்வது அதிகாரியின் கடமை. நாம் கேட்டால், பாதுகாப்பு போன்ற சில காரணங்கள் தவிர, நகலும் தர வேண்டும். 30 நாட்களுக்குள் தலைமைப் பாஸ்போர்ட் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். அதன் பிறகு உயர்நீதிமன்றம் இருக்கிறது.

இதே திருச்சி அலுவலகம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கு நமக்குப் பாடமாக இருக்கிறது. இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த பெற்றோருக்கு, 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. அவர் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 1.7.1987க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் என்பதால் அவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகள் என்று 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் கூறி, பாஸ்போர்ட் வழங்க உத்தரவிட்டது. பெற்றோர் இருவரும் வெளிநாட்டவர். அகதி முகாமிலேயே வாழ்க்கை. அவரைக் காப்பாற்றியது பிறப்புச் சான்றிதழில் இருந்த இடமும் தேதியும்தான்.

வழக்குக்குப் பணம் இல்லையே என்று பெண்கள் பின்வாங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு இன்றி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசச் சட்ட உதவி உண்டு.

ஏஜென்ட் காட்டும் குறுக்குவழி

"பிறந்த இடத்தை மாற்றிப் போட்டுக்கலாம், சான்றிதழ் ரெடி பண்ணித் தர்றேன்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். தெரிந்தே பொய்த் தகவல் தந்து பாஸ்போர்ட் பெற்றால், பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு: உண்மையிலேயே குடிமகனாக இருப்பவரின் உண்மைத் தாள்களையும் ஒரு போலிச் சான்று சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும். விண்ணப்பத்தைப் பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் நாமே நிரப்பலாம். சந்தேகங்களுக்கு 1800-258-1800 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

விமான டிக்கெட்டும் உம்ரா முன்பதிவும் முடிந்த பிறகு தாள்களைத் தேடுவதுதான் நம்மில் பலரின் வழக்கம். அதை மாற்றுவோம். இந்த வாரமே வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், பெற்றோர் பெயர் ஆகியவை எல்லாத் தாள்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அமர்ந்து பாருங்கள். படித்த இளைஞர்கள் ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் பள்ளிவாசல் வளாகத்தில் உட்கார்ந்து, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களின் தாள்களைச் சரிபார்த்துக் கொடுத்தால், ஒவ்வொரு ஜமாஅத்திலும் எத்தனையோ பேரின் அலைச்சல் குறையும், இன்ஷா அல்லாஹ்.