வத்தலக்குண்டும் ‘எழுத்து’ ஏடும்

திண்டுக்கல்லுக்குத் தென்மேற்கே, கொடைக்கானல் மலையடிவாரத்தை ஒட்டிய ஊர் வத்தலக்குண்டு. தமிழ் நாவலின் தொடக்கக் காலப் படைப்புகளுள் ஒன்றான ‘கமலாம்பாள் சரித்திர’த்தை இயற்றிய பி. ஆர். ராஜமய்யர் (1872–1898) அவ்வூரினர். 1935இல் ‘மணிக்கொடி’யைச் சிறுகதை ஏடாக மாற்றி நடத்திய பி. எஸ். ராமையாவும் அவ்வூரினரே. அதே ஊரில் வளர்ந்து, மணிக்கொடியில் கதைகள் எழுதிப் பெயர்பெற்றவர் சி. சு. செல்லப்பா (1912–1998).

1959 ஜனவரியில், தம் நாற்பத்தாறாம் வயதில், சென்னை திருவல்லிக்கேணியில் இருந்து செல்லப்பா ‘எழுத்து’ என்னும் மாத ஏட்டைத் தொடங்கினார். தொடர்கதைகளால் வார இதழ்கள் பெருகி விற்ற காலம் அது. கறாரான விமரிசனத்திற்கும் சோதனை முயற்சிகளுக்கும் அவற்றில் இடம் அரிதாயிருந்தது. செல்லப்பாவுக்குப் பின்னால் நிறுவனமோ, செல்வர் எவருடைய ஆதரவோ இல்லை. எழுதுவதும் திருத்துவதும் விற்பதும் பெரும்பாலும் அவரே என்ற நிலையில் ஏடு நடந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1932 முதல் 1953 வரை வெளிவந்த ‘ஸ்க்ரூட்டினி’யும் விற்பனையை நோக்காது விமரிசனத்தையே உயிராகக் கொண்டிருந்த ஏடுதான். ஆயினும் அதற்குப் பல்கலைக்கழகச் சூழல் துணையிருந்தது. ‘எழுத்து’க்கு ஒரு தனிமனிதரின் பிடிவாதமே துணை.

விமரிசனத்திற்கென முதன்மையாகத் தொடங்கப்பெற்ற அந்த ஏடு, புதுக்கவிதையின் களமாக வளர்ந்தது குறிப்பிடத்தக்கது. 1930களிலேயே யாப்பின் கட்டை விட்டுக் கவிதை செய்த ந. பிச்சமூர்த்தி, நெடிய இடைவெளிக்குப்பின் மீண்டும் கவிதையில் முனைய ‘எழுத்து’ வழிவகுத்தது. அவரைத் தொடர்ந்து இளைஞர்கள் வந்தனர். இலங்கைத் திருகோணமலையிலிருந்து தருமு சிவராமூ, நாகர்கோவிலிலிருந்து ‘பசுவய்யா’ என்ற பெயரில் சுந்தர ராமசாமி, திருவனந்தபுரத்திலிருந்து நகுலன், இன்னும் சி. மணி, எஸ். வைத்தீஸ்வரன், தி. சோ. வேணுகோபாலன் எனப் பலர் அங்கே ஒருவரை ஒருவர் கண்டுகொண்டனர். அவர்கள் வாழ்ந்த ஊர்கள் வேறு, செய்த தொழில்கள் வேறு. ஏட்டின் பக்கங்களே அவர்கள் கூடிய மன்றம். அக்கூட்டுறவின் விளைவாக 1962இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகளைக் கொண்ட ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு வெளிவந்தது.

பிறர்க்கு இடமளித்த செல்லப்பா, தம் படைப்பையும் கைவிட்டாரில்லை. மதுரைச் சீமையின் மாடுபிடியைப் பொருளாகக் கொண்ட ‘வாடிவாசல்’ 1959இல் வந்தது. மண்ணின் வாழ்வை நுணுகிக் கண்ட அதே கண்தான் பிறர் கவிதையையும் நுணுகிக் கண்டது எனலாம்.

இம்முயற்சிக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. ஏட்டின் இழப்பை ஈடுகட்டத் தம் வெளியீடுகளை மூட்டையாகச் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். மாத ஏடு பின்னர்க் காலாண்டு ஏடாகி, 119 இதழ்களுடன் 1970இல் நின்றது.

ஏடு நின்றதே ஒழிய, அது கூட்டிய உறவு நிற்கவில்லை. க. நா. சுப்ரமண்யம் 1963இல் ‘இலக்கிய வட்டம்’ தொடங்கினார். சேலத்தில் சி. மணியின் முயற்சியில் 1968இல் ‘நடை’ பிறந்தது. இவர்கள் அனைவரும் செல்லப்பாவின் கருத்தை ஒப்பியவர் அல்லர். அவரோடு கடுமையாக மாறுபட்டோரும் உண்டு. மாறுபடுவதற்கும் முதலில் ஒரு பொதுக்களம் வேண்டும். ‘எழுத்து’ அந்தக் களத்தை அமைத்துத் தந்தது.

எண்பது வயதைக் கடந்தபின்னும் செல்லப்பா பழைய வழியிலேயே நின்றார். ‘சுதந்திர தாகம்’ என்னும் மூன்று பாகப் பெருநாவலைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். அதற்குச் சாகித்திய அகாதெமி விருது 2001இல் அறிவிக்கப்பட்டபோது, அவர் மறைந்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. விருதுக்குக் காத்திருந்து ஏடு தொடங்கியவர் அல்லர் அவர்; எங்கோ தனித்தமர்ந்து எழுதிய மற்றொருவரின் குரலுக்குக் காத்திருந்தார். அக்குரல்கள் வந்து சேர்ந்தன.