ஆடாத நாற்காலி

மாணவ நண்பர்களே, நீங்கள் அமர்ந்திருக்கும் நாற்காலியைச் சற்று அசைத்துப் பாருங்கள். முனகுகிறதா? நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில் பள்ளிக்குப் புதிய பெஞ்சுகள் வந்து இறங்கின. இரண்டு கோடை கழியுமுன் அவை ஆடத் தொடங்கிவிட்டன. ஆணி அடித்தோம், முன்னிலும் அதிகமாக ஆடின. ஆடாத ஆசனம் செய்பவன் அறிந்திருப்பதுதான் யாது என்ற வினா அன்றே என் உள்ளத்தில் எழுந்தது. விடையை இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர்க் கைவினைஞர் ஒருவரின் வரலாற்றில் கண்டேன்.

அவர் பெயர் பிலிப் கிளிசெட். 1817இல் பிறந்து 1913 வரை வாழ்ந்தவர். ஹெரிஃபோர்டுஷயரைச் சேர்ந்த பாஸ்பரி என்னும் ஊரில் நாற்காலி செய்து பிழைத்தார். நீராவி யந்திரங்கள் பலகைகளை அறுத்துக் குவித்த அக்காலத்திலும், காலால் மிதித்து இயக்கும் கடைசல் கருவியே அவருக்குப் போதுமாயிருந்தது.

இவ்வகைத் தச்சர் ஆஷ் மரத்தை ரம்பத்தால் அறுப்பதில்லை. ஆப்பு வைத்துப் பிளப்பர். ரம்பம் மரத்தின் நாரைப் பொருட்படுத்தாமல் வெட்டிச் செல்லும். பிளவோ நார் ஓடும் வழியே ஓடும். ஆதலின் மெல்லிய சட்டமும் எளிதில் முறியாது. இனி, மரம் காயும்போது நீளவாக்கில் அது சுருங்குவது மிகச் சொற்பம், குறுக்குவாக்கிலேயே சுருங்கும். இதை அனுபவத்தால் உணர்ந்தவர்கள் குறுக்குச் சட்டங்களை நன்றாக உலர்த்தி, சற்றே ஈரம் எஞ்சிய கால்களில் துளையிட்டு இறுக அறைவர். கால் காயக் காயத் துளை சுருங்கிச் சட்டத்தின் முனையைக் கவ்விக்கொள்ளும். எங்கள் பெஞ்சுகளில் இல்லாதது இந்த அறிவே. இருக்கையைப் பின்னும் நீர்ப்புல்லோ நம் கோரைக்கு உறவு முறை!

லண்டனில் 1884இல் தோன்றிய கலைத்தொழிலாளர் சங்கம் தன் கூடத்துக்குக் கிளிசெட்டின் நாற்காலிகளையே தருவித்தது. கட்டடக் கலை பயின்ற எர்னெஸ்ட் கிம்சன் என்னும் இளைஞர் 1890இல் பாஸ்பரிக்குச் சென்று, தம்மைவிட நாற்பத்தேழு வயது மூத்த அக்கிழவரிடம் சில வாரம் தொழில் கற்றார். படித்தவர் ஒருவர் பட்டறையில் மாணவராக நின்றது, அந்நாளில் சிறு செய்தியன்று.

கிம்சன் பின்னர் காட்ஸ்வோல்டு குன்றுப் பகுதியில் பட்டறை அமைத்தார். அங்கே உருவான அலமாரிகள் அழகிற் சிறந்தவை. ஆயினும் செல்வரே வாங்கத்தக்க விலையுடையவை. அவற்றினும் அவருடைய எளிய நாற்காலிகளையே நான் உயர்வாக மதிக்கிறேன். யந்திரத்தைப் பழிப்பதும் என் கருத்தன்று. வியன்னாவின் தோனெட் 1859இல் வெளியிட்ட 14ஆம் எண் நாற்காலி, ஆலையில் பிறந்ததேயாயினும், எளிமையும் உறுதியும் வாய்ந்தது. சிந்தித்துச் செய்யப்பட்ட பொருள் எங்கே பிறந்தாலும் நன்றே. ஆனால் ஆலை நாற்காலியின் காலொன்று பழுதுபட்டால் யாரிடம் கொண்டுபோவது?

கிம்சன் 1919இல் மறைந்தார். அவருக்காக நாற்காலி செய்த எட்வர்டு கார்டினர் 1958 வரை வாழ்ந்தார். கார்டினரிடம் பயின்ற நெவில் நீல் அதே வடிவங்களைத் தொடர்ந்து செய்து, தம் மகனுக்கும் கற்பித்தார். அம்மகனிடம் தொழில் கற்ற இளைஞர் இருவர் ஸ்காட்லாந்தில் பட்டறை தொடங்கினர். அங்கும் ஆஷ் மரமே, புல்லிருக்கையே.