கொள்குறித் தேர்வு: நம்பகத்தன்மை முந்தியது, ஏற்புடைமை பிந்தியது

தென்னிந்தியாவின் முதல் ரயில் எங்கிருந்து புறப்பட்டது? ராயபுரம் என்று விடை சொல்லப் பழகியிருக்கிறோம். 1856 ஜூலை 1 அன்று அங்கிருந்து வாலாஜா ரோட்டுக்குப் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது உண்மை. ஆனால் 1837 வாக்கிலேயே செங்குன்றத்திலிருந்து சாலை போடக் கல் ஏற்றிவந்த இருப்புப்பாதை ஒன்று இருந்தது. வினாவில் ‘பயணிகள்’ என்ற சொல் விடுபட்டு, விடைகளுள் செங்குன்றமும் இடம்பெற்றால், ஆழமாகப் படித்தவர் மதிப்பெண் இழப்பார். மனப்பாடம் செய்தவர் பெறுவார். அளக்க வேண்டியதை அளக்காத வினாவுக்கு ஏற்புடைமை இல்லை என்கிறது கல்வியியல்.

கொள்குறி வினா பிறந்தது வேறொரு குறையை, நம்பகத்தன்மை இன்மையை, தீர்க்க. ஒரே விடைத்தாளுக்கு ஆசிரியருக்கு ஆசிரியர் மதிப்பெண் மாறியது. அதற்கு மாற்றாக 1914-15இல் அமெரிக்காவின் கான்சாஸில் ஃபிரெடரிக் கெல்லி வாசிப்புத் தேர்வு ஒன்றை உருவாக்கினார். 1917இல் அந்நாட்டு ராணுவம் இம்முறையைக் கையில் எடுத்தது. 1937இல் கூடர், ரிச்சர்ட்சன் இருவரும் நம்பகத்தன்மையைக் கணக்கிடச் சூத்திரம் தந்தனர். மறுஆண்டே ஐபிஎம் விடைத்தாள் திருத்தும் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. திருத்துபவரின் கை விலகியது. வினா எழுதுபவரின் கை விலகவில்லை.

இந்தியாவில் இந்தச் சிந்தனைக்கு வலுச் சேர்த்தவர்களில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் முக்கியமானவர். அவர் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952-53) கட்டுரைத் தேர்வின் ஆதிக்கத்தைக் குறைத்துப் புறவயத் தேர்வுகளைச் சேர்க்கச் சொன்னது. பிறகு அமெரிக்கக் கல்வியியலாளர் பெஞ்சமின் புளூமும் இந்தியா வந்து தேர்வுச் சீர்திருத்தப் பயிலரங்குகள் நடத்தினார். தமிழ்நாட்டில் கொள்குறி முறையில் 1984இல் வந்த தொழிற்கல்வி நுழைவுத்தேர்வு, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் விலகியது.

பெரிய சோதனை 2018இல் வந்தது. அவ்வாண்டு நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் மொழிபெயர்ப்பில் பிழையானவை என்ற வழக்கில், வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் கருணையாக வழங்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் மதிப்பெண் கொடுப்பது சரியான தீர்வல்லதான். ஆனால் திருத்தியதில் குறையே இல்லாத ஒரு தேர்வு, மொழி மாறியதும் வேறு எதையோ அளந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வின் முறைகேடு 2020இல் வெளிப்பட்டபின், டிஎன்பிஎஸ்சி ‘விடை தெரியவில்லை’ என்பதற்கு ‘E’ என்ற ஐந்தாவது வட்டத்தைச் சேர்த்தது. விடைத்தாளின் வெற்றிடத்தைப் பிறர் நிரப்ப முடியாது, நல்ல காவல்தான். எதிர்மறை மதிப்பெண் இல்லாததால் குருட்டாம்போக்கில் ஷேடு செய்வதை அது தடுக்காது. 200 வினாக்களுக்கு நான்கில் ஒன்றாகக் குறித்தால் சராசரியாக 50 சரியாகிவிடும்.

குறையுள்ள வினாவைக் கண்டறிய எளிய கணக்கு ஒன்று போதும். பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரிப் பயிற்சி மையம் தொடங்கி எண்ணூர் டியூஷன் சென்டர் வரை, மாதிரித் தேர்வு நடத்தும் ஆசிரியர்கள் செய்யக்கூடியது அது. நூறு பேர் எழுதினால் மொத்த மதிப்பெண்ணில் மேல் 27 பேரையும் கீழ் 27 பேரையும் பிரியுங்கள். ஒரு வினாவை மேலணியில் 20 பேரும் கீழணியில் 8 பேரும் சரியாகச் செய்திருந்தால், வித்தியாசம் 12. அதை 27ஆல் வகுத்தால் 0.44. நல்ல வினா. கீழணி முந்தினால் முதலில் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள். அது சரியென்றால் வினாவைத் தூக்கிவிடுங்கள்.