ஆணுறுப்பில் இம்பிளான்ட் வைத்தால் சிறுநீரை அடக்க முடியாமல் போகுமா? உண்மையில் நடப்பது என்ன?

விறைப்புத்தன்மைக் குறைபாட்டுக்கு மாத்திரை, ஊசி என எதுவும் கைகொடுக்காதபோது டாக்டர்கள் கடைசியாகச் சொல்லும் வழி, ஆணுறுப்புக்குள் இம்பிளான்ட் வைக்கும் அறுவை சிகிச்சை. அதற்குச் சம்மதித்த பிறகும் பலருக்கு உள்ளுக்குள் ஒரு பயம் ஓடிக்கொண்டே இருக்கும். "ஆபரேஷனுக்கு அப்புறம் யூரினை அடக்க முடியாம போயிடுமோ, பேட் வச்சுக்கிட்டே திரியணுமோ?" மனைவியிடமோ, சில நேரம் டாக்டரிடமோகூட வாய்விட்டுக் கேட்காத கேள்வி இது.

பதில்: இம்பிளான்ட் வைப்பதால் மட்டும் சிறுநீர்க் கட்டுப்பாடு பொதுவாகப் போவதில்லை. ஆனால் முதல் சில வாரங்களில் சில மாற்றங்கள் இருக்கும். அரிதாக வரும் சில சிக்கல்களைத் தள்ளிப்போடவே கூடாது. அதைவிட முக்கியமான ஒரு விஷயம், பல வருடம் கழித்து வேறு ஏதோ காரணத்துக்காக ஆஸ்பத்திரியில் சேரும்போது வரும்.

இம்பிளான்ட் எங்கே இருக்கிறது?

ஆணுறுப்புக்குள் மூன்று தூண்கள் போலத் திசுக்கள் உள்ளன. மேலே இருக்கும் இரண்டில்தான் ரத்தம் நிரம்பி விறைப்பு ஏற்படுகிறது. கீழே இருக்கும் மூன்றாவது தூணின் நடுவில் சிறுநீர்ப் பாதை போகிறது. இம்பிளான்ட் வைப்பது மேலே உள்ள இரண்டுக்குள். சிறுநீர்ப் பாதையை அது தொடுவதில்லை.

சிறுநீரை அடக்கிவைக்கும் தசைகளோ இன்னும் உள்ளே, சிறுநீர்ப்பையின் கழுத்திலும் புராஸ்டேட் சுரப்பிக்குச் சற்றுக் கீழேயும் இருக்கின்றன. வால்வு வீட்டுக்குள் இருக்கிறது, வேலை நடப்பது வாசல் பக்கம். அதனால்தான் வால்வு கெடுவதில்லை.

இம்பிளான்டில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, வளைத்துக்கொள்ளக்கூடிய கம்பி போன்றது. மும்பை டாக்டர் ரூபின் ஷா வடிவமைத்த ஷா இம்பிளான்ட் இந்த வகை. இன்னொன்று, பம்ப் வைத்தது. இதில் ஆணுறுப்புக்குள் இரண்டு சிலிண்டர்கள், விதைப்பைக்குள் ஒரு சின்ன பம்ப், அடிவயிற்றுக்குள் உப்புநீர் நிரப்பிய ஒரு சிறிய பை என மூன்று பாகங்கள் இருக்கும். இந்தப் பையை ரிசர்வாயர் என்பார்கள். மொத்த இம்பிளான்டிலும் சிறுநீர்ப்பைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் இவர் ஒருவர்தான்.

முதல் சில நாட்களில் என்ன தெரியும்?

ஆபரேஷனின்போது பெரும்பாலும் யூரின் டியூப் போடுவார்கள். ரிசர்வாயரை வைக்கும்போது சிறுநீர்ப்பை காலியாக இருந்தால்தான் அதில் காயம் படாது என்பது முக்கியக் காரணம். பொதுவாக அடுத்த நாளே டியூபை எடுத்துவிடுவார்கள். எடுத்த பிறகு ஓரிரு நாள் எரிச்சல், அடிக்கடி போக வேண்டும்போன்ற உணர்வு, லேசாக இளஞ்சிவப்பு நிறத்தில் சிறுநீர் வருவது எல்லாம் டியூப் உரசியதால் வருபவை. தானாகவே சரியாகிவிடும்.

கவனிக்க வேண்டியது இதற்கு நேரெதிரான பிரச்சினையை. அதாவது சிறுநீர் கசிவது அல்ல, வராமலே போவது. மயக்க மருந்தும் சில வலி மருந்துகளும் சிறுநீர்ப்பையைக் கொஞ்ச நேரம் மந்தமாக்கிவிடும். வலி, மலச்சிக்கல் சேர்ந்தால் இன்னும் சிரமம். ஏற்கெனவே புராஸ்டேட் வீங்கியவர்களுக்கு இது நடக்க வாய்ப்பு அதிகம். டியூபை எடுத்துப் பல மணி நேரம் ஆகியும் சிறுநீர் வராமல், அடிவயிறு உப்பி வலித்தால் காத்திருக்கக் கூடாது. நம் ஊரில் உடனே "சூடுதான், நீர்க்கடுப்பு" என்று சொல்லி இளநீரும் மோருமாகக் கொடுப்பார்கள். வழி அடைபட்டிருக்கும்போது மேலும் மேலும் குடித்தால் வயிறு இன்னும் உப்பும், அவ்வளவுதான். நேராக ஆஸ்பத்திரிக்குப் போவதே சரி.

சிறுநீர் பிரிந்து தெறிப்பது, பக்கவாட்டில் போவது ஆகியவையும் ஆரம்பத்தில் சகஜம். வீக்கம்தான் காரணம். வீக்கம் வடிய வடிய நேராகிவிடும். கம்பி வகை இம்பிளான்ட் முழுதாகத் தளர்வதில்லை என்பதால், நின்றபடி போகும்போது கையால் கீழே வளைத்துப் பிடிக்கப் பழக வேண்டியிருக்கும். அதுவரை வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்கார்ந்து போவது சுலபம். பம்ப் வகையில், ரத்தக் கசிவைக் குறைக்க முதலில் சிலிண்டரைப் பாதி நிரப்பிவைக்கும் டாக்டர்களும் உண்டு. அது இடைஞ்சலாக இருக்கிறதே என்று வீட்டில் தாங்களாகவே பம்பை அழுத்திப் பார்க்க வேண்டாம். எப்போது, எப்படி என்று சில வாரங்கள் கழித்து டாக்டரே சொல்லிக்கொடுப்பார்.

ரிசர்வாயர் தொந்தரவு தருமா?

சிலருக்கு ஆரம்பத்தில் சிறுநீர்ப்பையில் ஏதோ அழுத்துவதுபோல இருக்கும், வழக்கத்தைவிட அடிக்கடி போவார்கள். பெரும்பாலும் உடம்பு பழகிவிடும். மிக அரிதாக, ரிசர்வாயர் சிறுநீர்ப்பையின் சுவரை அரித்து உள்ளே புகுந்துவிடுவது உண்டு. இது மாதங்கள், ஏன், வருடங்கள் கழித்துக்கூட நடக்கலாம். சிறுநீரில் ரத்தம், திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று, அடக்க முடியாத அவசரம் ஆகியவை இதன் அறிகுறிகளாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் அடங்கி, நிறுத்தினால் மறுபடி வருகிறது என்றால் யூராலஜிஸ்ட்டிடம் போய் ஸ்கேன் பார்க்க வேண்டும்.

புராஸ்டேட்டை எடுத்தவர்கள், அந்தப் பகுதியில் ரேடியேஷன் வாங்கியவர்கள், குடலிறக்கத்துக்கு வலை வைத்துத் தைத்துக்கொண்டவர்கள் ஆகியோருக்கு அடிவயிற்றுக்குள் தழும்பு இறுகியிருக்கும். அவர்களுக்கு ரிசர்வாயரை வழக்கமான இடத்தில் வைக்காமல், வயிற்றுத் தசைக்கு அடியில் வைக்கும் முறையும் இருக்கிறது. 'அது பழைய ஆபரேஷன்தானே' என்று நினைத்துச் சொல்லாமல் விடுவது இங்கேதான் சிக்கலாகும்.

அப்படியானால் சிலருக்கு ஏன் கசிகிறது?

இம்பிளான்ட் வைப்பவர்களில் ஒரு பகுதியினர் புராஸ்டேட் புற்றுநோய்க்காக அந்தச் சுரப்பியை முழுவதும் எடுத்துக்கொண்டவர்கள். அந்த ஆபரேஷனில் விறைப்புக்கான நரம்புகளும் பாதிக்கப்படலாம், சிறுநீரை அடக்கும் தசையும் பலவீனமாகலாம். இருமினால், தும்மினால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் சொட்டுவது அப்படித்தான் ஆரம்பிக்கிறது. சிலருக்கு உச்சகட்டத்தின்போதும் கசியும். இடுப்புத்தளத் தசைப் பயிற்சியோடு முதல் ஒரு வருடத்தில் பலருக்கு இது கணிசமாகக் குறையும், எல்லோருக்கும் அல்ல. அதன் பிறகு இம்பிளான்ட் வைத்தால், ஏற்கெனவே இருந்த கசிவுக்கும் பழி இம்பிளான்ட் மேல் விழுகிறது.

சர்க்கரை நோயாளிகளின் கதை வேறு. நீண்ட நாள் சர்க்கரை, விறைப்பைப் பாதிப்பதுபோலவே சிறுநீர்ப்பை நரம்புகளையும் மழுங்கடிக்கும். பை நிறைந்ததே தெரியாது, முழுதாகக் காலியாகவும் ஆகாது. வழிந்து சொட்டும், தொற்று வரும். அதனால்தான் ஆபரேஷனுக்கு முன் சிறுநீர்ப் பரிசோதனை செய்து, தொற்று இருந்தால் அதைக் குணப்படுத்திய பிறகே இம்பிளான்ட் வைக்கிறார்கள். கிருமி இம்பிளான்டில் ஏறிவிட்டால் பெரும்பாலும் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டி வரும்.

இரண்டு பிரச்சினையும் இருப்பவர்களுக்கும் வழி உண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டனைச் சேர்ந்த டாக்டர் பிரான்ட்லி ஸ்காட்டும் அவரது குழுவினரும் 1970களின் தொடக்கத்தில் இரண்டு கருவிகளை உருவாக்கினார்கள். ஒன்று பம்ப் வகை இம்பிளான்ட், மற்றொன்று சிறுநீர்ப் பாதையைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் செயற்கை வால்வு. இந்த வால்வுக்கும் விதைப்பையில் ஒரு பம்ப் இருக்கும். அழுத்தினால் பாதை திறந்து சிறுநீர் போகும், சில நிமிடங்களில் தானாக மூடிக்கொள்ளும். இரண்டு கருவியையும் ஒரே நபருக்கு வைக்க முடியும். ஒரே ஆபரேஷனிலா, தனித்தனியாகவா என்பதை டாக்டர் முடிவு செய்வார். கசிவு குறைவாக இருப்பவர்களுக்கு, சிறுநீர்ப் பாதையைத் தாங்கிப் பிடிக்கும் வலைப்பட்டை போதுமானதாக இருக்கலாம்.

ஆகவே இம்பிளான்டுக்கு முன்பே ஒரு நாளைக்கு எத்தனை பேட் நனைகிறது, எப்போது சொட்டுகிறது என்று சில நாள் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுவது நல்லது. முன்பு இருந்தது எது, புதிதாக வந்தது எது என்று பின்னால் குழப்பம் வராது.

உடனே போக வேண்டிய நேரம்

ரத்தம் கட்டி கட்டியாக வருவது, காய்ச்சலோடு எரிச்சல், பம்ப் இருக்கும் இடத்தில் தோல் சிவந்து ஒட்டிக்கொள்வது அல்லது சீழ் கசிவது ஆகியவை அவசரம். சிறுநீர்த் துவாரத்தில் வெள்ளையாகவோ கெட்டியாகவோ ஏதோ தெரிகிறது என்றால், சிலிண்டரின் முனை சிறுநீர்ப் பாதையை அரித்துக்கொண்டு வெளிவருகிறது என்று பொருள். முதுகுத்தண்டில் அடிபட்டு உணர்ச்சி இல்லாதவர்களுக்கு இது வலியே இல்லாமல் நடக்கலாம். அவர்கள் தினமும் கண்ணால் பார்த்துக்கொள்வது அவசியம்.

யூரின் டியூப் போடும் முன் சொல்லிவிடுங்கள்

பத்து வருடம் கழித்து ஒருவர் பக்கவாதத்திலோ விபத்திலோ எமர்ஜென்சி வார்டுக்கு வருகிறார். அங்கே யூரின் டியூப் போடுவது வழக்கமான வேலை. உள்ளே இம்பிளான்ட் இருப்பது நர்ஸுக்குத் தெரியாது. அவருக்கு நினைவில்லை. வெளியே நிற்கும் மகனுக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

சிலிண்டர் நிரம்பியிருக்கும்போது டியூபைத் திணித்தால் சிறுநீர்ப் பாதையில் காயம் படலாம். டியூபை நாள்கணக்கில் அப்படியே விட்டால், அந்த உரசலே அரிப்புக்குக் காரணமாகலாம். இம்பிளான்ட் இருப்பது தெரிந்தால், முதலில் அதைத் தளர்த்திவிட்டு, மெல்லிய டியூபை நிறைய ஜெல் தடவிப் போட்டு, முடிந்தவரை சீக்கிரம் எடுத்துவிடுவார்கள். நீண்ட நாள் டியூப் தேவைப்பட்டால், அடிவயிறு வழியாக நேரடியாகப் போடுவதை யோசிப்பார்கள். அதையும் ரிசர்வாயரில் ஊசி குத்திவிடாமல் ஸ்கேன் பார்த்தே செய்ய வேண்டும். விவரம் தெரியாதவர்கள் பார்த்தால், சி.டி. ஸ்கேனில் ரிசர்வாயரை நீர்க்கட்டி என்று தவறாக எண்ணும் வாய்ப்பும் உண்டு.

இம்பிளான்ட் வைத்ததும் அதன் கம்பெனி, மாடல், ஆபரேஷன் தேதி உள்ள ஒரு கார்டு தருவார்கள். தராவிட்டால் கேட்டு வாங்கலாம். அதை பீரோவில் பூட்டி வைப்பதைவிட பர்ஸில் ஆதார் பக்கத்தில் வைத்துக்கொள்வதும், போனில் ஒரு போட்டோ எடுத்து வைப்பதும் உதவும். மனைவியோ பிள்ளையோ அண்ணன் தம்பியோ, வீட்டில் ஒருவருக்காவது அந்த கார்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.