கவனமின்றிச் சொன்ன ‘ஆம்’

2023 டிசம்பரில் ‘தி எகனாமிஸ்ட்’ இதழும் யூகவ் நிறுவனமும் அமெரிக்காவில் நடத்திய இணையவழிக் கருத்துக்கணிப்பு ஒன்று பலரைத் திடுக்கிட வைத்தது. முப்பது வயதுக்குட்பட்டோரில் ஐவரில் ஒருவர், நாஜிகள் நிகழ்த்திய யூதப் படுகொலை வெறும் கட்டுக்கதை என்னும் கூற்றை ஏற்றனராம். ஒரு தலைமுறையின்மேல் குற்றப்பத்திரிகை எழுத அது போதுமானதாயிற்று. அந்த ஐவரில் ஒருவர் வினாவைப் படித்தாரா?

இந்த ஐயம் இணையத்துக்கு முந்தியது. 1943இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஹாத்வேயும் மெக்கின்லியும் வெளியிட்ட ஆளுமைச் சோதனையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கூற்றுகள் இருந்தன. அத்தனையையும் பொறுமையாகப் படிப்பவர் எத்தனை பேர்? ஆகவே, இயல்பானோரில் பத்தில் ஒருவருக்கும் குறைவானோரே ஒரு பக்கம் சாயும் 64 கூற்றுகளைத் தேர்ந்து, அவற்றைத் தனி அளவுகோலாக்கினர். அவற்றுள் பலவற்றுக்கு அந்த அரிய விடையையே சொன்னவர் கண்ணை மூடிக்கொண்டு குறியிட்டிருக்கலாம். கடும் மனத்துயரில் உழல்பவராகவும் இருக்கலாம். சோம்பலுக்கு விரித்த வலையில் துயரமும் அகப்படும் என்பது இம்முறையின் தீராத இடர்.

(நன்னூலார் விடையை எட்டு வகையாகப் பகுத்தார். வினாவைக் கேளாமலே சொல்லும் விடைக்கு அங்கே இடமில்லை. ஆண்டிறுதியில் மாணவர் நிரப்பித் தரும் மதிப்பீட்டுப் படிவங்களைப் புரட்டும்போதெல்லாம் அந்த ஒன்பதாம் வகையை நாம் காண்கிறோம்: மேலிருந்து கீழ்வரை ஒரே கட்டத்தில் குறிகள். நீண்ட விடுப்பில் இருந்த ஆசிரியரும் ‘மிக நன்று’.)

2009இல் ஓப்பன்ஹைமர் முதலிய மூவர் வேறொரு பொறியை முன்வைத்தனர். நீண்ட பத்தியொன்றின் நடுவே ‘கீழுள்ள வினாவுக்கு விடை தர வேண்டாம்’ என்னும் பொருளில் ஒரு குறிப்பு. படித்தவர் மட்டுமே தப்புவார். 2012இல் மீடும் கிரெய்கும் மாணவரிடையே நடத்திய ஆய்வில், நீண்ட வினாநிரலுக்குக் கவனமின்றி விடையளித்தோர் 10 முதல் 12 விழுக்காடு.

எல்லாவற்றிலும் வேடிக்கையானது பியூ ஆய்வு மையத்தின் சோதனை. விரும்பியவர் சேரும் இணையக் கணிப்பு ஒன்றில், அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை இயக்க உரிமம் உண்டா என்று 2022இல் கேட்டனர். முப்பது வயதுக்குட்பட்டோரில் 12 விழுக்காட்டினர் ‘ஆம்’ என்றனர்! உண்மை விழுக்காடு ஏறத்தாழச் சுழியம். கவனமற்ற விடைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும் என நாம் எண்ணுவது வழக்கம். உண்மை சுழியத்தை ஒட்டியிருக்கும் இடத்தில் அது நடப்பதில்லை. அங்கே பிழை மேல்நோக்கி மட்டுமே வளரும்.

யூதப் படுகொலை பற்றிய அதே வினாவை, முகவரிப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்து அஞ்சல்வழி அழைத்துச் சேர்த்த தன் குழுவிடம் பியூ மையம் கேட்டு, விடையை 2024 மார்ச்சில் வெளியிட்டது. கட்டுக்கதை என்ற இளையோர் 3 விழுக்காடு.